வாசலை அடைத்த அன்னதானப் பலகை

முருகன் துணை

பண்டமாரான், கிள்ளான்
வியாழக்கிழமை

அன்பு மகன் ரிஷிக்கு அம்மா எழுதுவது. வெலிங்டன் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கின் முன்னால் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். வீட்டுக்குத்தான் முகத்தில் பலமான அடி, அதுவும் நேற்றோடு தேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அப்பா என்ன சொன்னார், "பொண்ணோட அம்மாவுக்குச் சம்மதம், அவங்க அப்பா மட்டும் ஒண்ணு கேட்டிருக்காரு, அம்மா எழுதுவா" என்று சொல்லி வைத்துவிட்டார். நீ நாலு நாளாக வாட்சப்பில் கேள்விக்குறியாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். இதைப் போனில் சொன்னால் பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், மீதிப் பாதியில் அழுகை வந்துவிடும், நீ ஒன்றும் விளங்காமல் பயந்துபோவாய், அதனால்தான் முறுக்கு டின்னோடு கடிதமாகவே வருகிறது. பொறுமையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

உனக்குத் தெரியும், வசுந்தராவின் அப்பா அம்மா நம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். ஒரு தடவை முட்டிவலி, ஒரு தடவை நாள் சரியில்லை. அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், நம் பக்கம் தாத்தா காலத்தில் தண்டவாளத்துக்குக் கல் கொட்டினவர்கள், அதுதான் மனசில் இருக்கிறதோ என்று அப்பா சொல்ல, ஒரே பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பும் பயமாக இருக்கும் என்று நான் சொல்ல, ஆக மொத்தம் மூன்றாவது தடவையும் தள்ளிப்போனால் இந்தக் கல்யாணம் நடக்காது என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறோம் என்று அவர்கள் சொன்னதும், சனிக்கிழமை காலையிலிருந்தே வீட்டைத் துடைத்தேன், திரைச்சீலை மாற்றினேன், பன்னிரண்டு பேருக்குக் கணக்குப் போட்டு மாவு அரைத்து வைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது பார் ஒரு காற்று. நம் சாலை முனையில் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்கு அப்போதுதான் கடை போட்டுக்கொண்டிருந்தார்கள், கடலை வைத்து மடித்த ஆப்பம் பாலிக் விற்கிற மலாய் அம்மாவின் கெனோப்பிக் கூடாரம் இரும்புக் காலோடு எழும்பி, காற்றாடி மாதிரி ஒரு சுற்று சுற்றி, எந்த வீட்டையும் தொடாமல் நேராக நம் வீட்டு முகப்பில் வந்து மோதியது. கிரில் வளைந்தது, இரண்டு பக்கச் சன்னல் கண்ணாடியும் பொடிப்பொடி, ஒரு இரும்புக் கால் வாசல் கதவைப் பிளந்துகொண்டு ஹாலுக்குள் எட்டிப் பார்த்தது. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சாமி விளக்கு அணைந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காற்றுக்கு யாராக இருந்தாலும் அணைந்திருப்பார்கள், நான் மறுபடி ஏற்றினேன். அந்த அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு ஒரு பை நிறைய ஆப்பம் பாலிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீடு ரோட்டைப் பார்த்து ஆவென்று திறந்து கிடக்கிறது, மழையும் சாய்த்து அடிக்கிறது. அவசரத்துக்கு வந்து பலகை அடித்துத் தருகிற ஆட்களுக்குப் போன் போட்டால், கிள்ளானில் பாதி வீட்டுக்கு இதே கதி, திங்கட்கிழமைதான் வர முடியும் என்கிறார்கள். அப்போது பக்கத்து வீட்டு நாகையாதான் வந்தான். போர்ட் கிள்ளான் கிடங்கில் பெட்டி பிரித்துப்போட்ட பிளைவுட் மூன்று தகடு அவன் லோரியில் இருந்தது. கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி, சன்னல் இரண்டையும் இருட்டுவதற்குள் அடைத்துவிட்டான். வாசலுக்குப் போதவில்லை. அப்பா ஸ்டோருக்குள் போய், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நம் அன்னதானப் பந்தலில் மாட்டுகிற பெரிய பலகையை இழுத்துக்கொண்டு வந்தார். எழுத்து உள்பக்கம் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். நாகையா கேட்கவில்லை, "அக்கா, பெயின்ட் அடிச்ச பக்கம்தான் மழைக்குத் தாங்கும், வெறும் பக்கத்த வெளிய வச்சா ரெண்டு நாள்ல ஊதிடும் லா. நாளைக்கு வர்றவங்க என்ன போர்டு படிக்கவா வராங்க?" என்றான். நாலு அங்குல ஆணியை வரிசையாக அறைந்து பிளந்த கதவுக்கு மேலேயே மூடிவிட்டான். நாங்கள் சமையலறைக் கதவு வழியாகப் பின் சந்தில் போய் வர வேண்டியதுதான். வீடு பத்திரமாகிவிட்ட நிம்மதியில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு முன்னால் யாரோ பலகையைத் தட்டுகிறார்கள். சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் லோரிக்காரர் ஒருவர், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பலகையில் வரைந்திருந்த முருகன் வேலைக் கும்பிட்டபடி நிற்கிறார். "ஜொகூர்லேர்ந்து வரேன்க்கா, இன்னும் பசியாறல. அன்னதானம் எந்தப் பக்கம்?" என்றார். அப்பா "அண்ணே, அது சும்மா அடைக்க வச்ச பலகை" என்று தொடங்கினார், நான் அவர் கையை அமுக்கினேன். முருகன் வேலுக்குக் கீழே அன்னதானம், அனைவரும் வருக, காலை ஏழு முதல் என்று இரண்டடி எழுத்தில் எழுதி மாட்டிவிட்டு, அது சும்மா என்று நான் எந்த வாயால் சொல்லுவேன்? நாலு இட்லி, சாம்பார், போர்ச்சில் நாற்காலி. அவர் போய் இன்னும் மூன்று பேரை அனுப்பினார். கோவிலுக்குப் போகிறவர்கள் நின்றார்கள், இரவு ஷிப்ட் முடித்த நேப்பாளக் காவலாளிகள் நின்றார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது, வரிசை தெரியும். நாகையா மனைவி ஒரு சட்டி உப்புமாவோடு வந்தாள். அப்பா சமையலறையில் என் பின்னாலேயே நின்று, "சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டத் தூக்கி ஊருக்கெல்லாம் போடுற, பத்து மணிக்கு அவுங்க வந்தா என்ன செய்வ?" என்கிறார். "போர்டு தூக்கிட்டு வந்தது யாரு?" என்றேன். தட்டு கழுவப் போய்விட்டார். வீட்டில் அரிசி மணி வரைக்கும் கணக்கு எழுதுகிறவள் நான், அன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதவில்லை. சாப்பிடுகிறவர்களை எண்ணக் கூடாது.

சரியாகப் பத்துக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். நான் உள்ளே கரண்டியும் கையுமாக இருந்தேன், வெளியே நாகையாதான் நின்றான், அவனுக்கு அவர்களைத் தெரியாது. வசுந்தராவைப் பெற்ற குணபூசணி அம்மா அரக்குப் பட்டில், பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு நிற்க, இவன் "வாங்க ஆன்டி, பழமெல்லாம் கொண்டாந்திருக்கீங்களா, ரொம்ப சந்தோசம், குடுங்க, குடுத்துட்டு அந்த லைன்ல நில்லுங்க" என்று தட்டைப் பிடித்து இழுக்கிறான். அவர் விடவில்லை. நான் ஓடி வந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வீரசிங்கம் ஐயா பலகையைப் பார்த்துவிட்டு, "இது கோயிலோ, வீடோ?" என்று மனைவியிடம் கேட்டது என் காதிலேயே விழுந்தது. நான் நடந்ததைச் சொல்லி, இந்தப் பக்கமாக வாங்க என்று பின் சந்தைக் காட்டினேன். குணபூசணி அம்மா அசையவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார், "கோவியாதேங்கோ, மங்கலத் தட்டோட நான் பின்வாசலால உள்ளுக்கு வரமாட்டன். என்ர பிள்ளையின்ர காரியம்."  அவர் சொன்னது தப்பென்று சொல்ல முடியுமா, நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஐயா கடிகாரத்தைப் பார்த்து, "அப்ப, வேறொரு நாளைக்குப் பாப்பம்" என்றார். அதுதான் அந்த மூன்றாவது தடவை, ரிஷி. அப்பா முகத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காருக்குத் திரும்பினவர் என்ன நினைத்தாரோ, மறுபடி வந்து பலகையில் விரலால் தட்டினார். "ஆர் இதை அடிச்சது?" என்றார். "நான்தான் அங்கிள், ஏன், நல்லால்லயா?" என்றான் நாகையா. பிறகு நடந்ததுதான் கூத்து. முப்பத்தொரு வருஷம் பொதுப்பணி இலாகாவில் கட்டடம் பார்த்தவர் அல்லவா, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பிடித்துக்கொண்டார். "நிலையிலயே ஆணி அறைஞ்சிருக்கிறீர், நாளைக்குப் புதுக் கதவு எதில நிக்கும்? கீழ இடைவெளி இல்லை, மழைத்தண்ணி எங்க போகும்? உள்ளுக்க நெருப்புப் பிடிச்சா இந்த ரெண்டு பேரும் எதால ஓடுறது? வாசலை அடைக்கிறதெண்டால் திறக்கிறதுக்கு வழி வச்செல்லோ அடைக்க வேணும்!" நாகையாவும் சும்மா இருக்கிறவனா, "பாஸ், புயல் அடிக்கிறப்ப வந்து பாடம் எடுத்திருக்கலாம் லா, இப்ப சொல்றது சுலபம்" என்றான். அவர் சட்டைக் கையை மடித்து, இந்தப் பலகையையே கதவாக்கலாம் என்று ஆணி பிடுங்கும் சுத்தியலைக் கேட்டு வாங்கினார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்கு முன்னால் தட்டு உள்ளே போக வேண்டும் என்று குணபூசணி அம்மா சொல்லிவிட்டார். பிளந்த கதவிலிருந்து கீலைக் கழற்று, லோரியில் கிடக்கிற பெட்டிச் சட்டத்தை அறுத்துப் பலகைக்குப் பின்னால் குறுக்கே போடு, அடியில் இரண்டு விரல் அறுத்து எடு என்று ஒவ்வொன்றாக ஐயா சொல்ல, நாகையா முணுமுணுத்துக்கொண்டே செய்ய, அப்பா ஸ்குரூ எடுத்துக் கொடுக்க, சாப்பிட்டு முடித்த லோரிக்காரர்கள் இரண்டு பேர் பலகையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

இவ்வளவு நேரமும் குணபூசணி அம்மா போர்ச்சில் நாற்காலியில், தாம்பாளத்தைக் கீழே வைக்கக் கூடாதென்று மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்தேன். "கையில தட்டில்லாட்டி நானும் ஒரு கரண்டி பிடிச்சிருப்பன்" என்றார். பிறகு, "உங்கட மகன் சமைப்பாரோ?" என்றார். ரசம் மட்டும் என்று உண்மையைச் சொன்னேன், மன்னித்துக்கொள். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "அவ்வளவு தூரத்தில பிள்ளைக்கு ஒரு ஆபத்து அந்தரமெண்டால் ஆர் இருக்கினம்? எனக்கு அதுதான் நித்திரை இல்லை" என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது பெருமையாகச் சொல்லியிருப்பேன். அவரிடம் வாய் வரவில்லை. "எனக்கும் தெரியலம்மா. என் பிள்ளயும் அங்க தனியாத்தான் இருக்கான். ரெண்டு வருசமா நானும் அதே நெனப்புலதான் படுக்கிறேன்" என்றேன். அவர் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இருந்தோம், சாம்பார் ஆறிப்போனது.

பதினொன்று இருபதுக்கு ஐயா பலகையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்து "இப்ப வாரும்" என்றார். அனைவரும் வருக என்ற எழுத்து ஒருபுறமாக ஒதுங்கி வழிவிட, அந்த அம்மா வலது காலை வைத்துத் தட்டோடு நம் தலைவாசல் வழியாக உள்ளே வந்தார். நாகையா விசில் அடித்தான், "பாஸ், நீங்கல்லாம் ரிட்டயர் ஆகியிருக்கவே கூடாது" என்றான், ஐயா முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். பன்னிரண்டு பேருக்குச் சமைத்ததில் சம்பந்திக்கு மிஞ்சினது இரண்டு இட்லியும் ரசமும்தான், அதோடு பாசார் அம்மா கொடுத்த ஆப்பம் பாலிக்கைச் சூடு காட்டி வைத்தேன், ஐயா மூன்று சாப்பிட்டார். குணபூசணி அம்மா தட்டை என் கையில் கொடுத்து, "எங்கட பிள்ளையை உங்களிட்டத் தாறம்" என்றார். ஆவணியில் நாள் பார்க்கலாம் என்றும் அவரே சொன்னார். நேற்றுக் கண்ணாடியும் கதவும் போட ஆள் வந்தபோது, கூப்பிடாமலே ஐயா மட்டம் பார்க்கிற ரசமட்டத்தோடு வந்து நின்றுவிட்டார், புதுக் கதவு மயிரிழை சாயாமல் நிற்கிறது, கதவு போட்ட ஆள்தான் கொஞ்சம் அழுதான்.

இனி ஐயா கேட்டிருப்பதைச் சொல்கிறேன், பயப்படாதே. நகையில்லை, சீரில்லை. வசுந்தரா வந்து இருக்கப்போகிற உன் வாடகை வீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முன் கதவு திறந்து ஒன்று, மூடி ஒன்று. சன்னல் தாழ்ப்பாள் ஒவ்வொன்றும் கிட்ட வைத்து. ஆபத்தென்றால் எந்த வழியாக வெளியே வருவது என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டு. அதைப் பார்த்த பிறகுதான் நாள் குறிக்கச் சம்மதிப்பாராம். சிரிக்காதே, அவரும் நித்திரை இல்லாத ஆள்தான், சொல்லத் தெரியவில்லை, கதவாகக் கேட்கிறார். எது சரியில்லை என்கிறாரோ அதை எதிர்த்துப் பேசாமல் மாற்று. அங்கிள் என்று கூப்பிடாதே, மாமா என்று கூப்பிடு. முறுக்கை ஈரம் படாமல் வை, செவ்வாய், வெள்ளி விளக்கை மறக்காதே, ரசம் தவிர இன்னும் இரண்டு கறி ஆவணிக்குள் கற்றுக்கொள்.

பழனியாண்டவன் உன்னையும் அந்தப் பிள்ளையையும் ஒரே நிழலில் வைத்துக் காக்கட்டும். கடிதம் கைக்குக் கிடைத்த இரண்டே நாளில் படம் வந்து சேர வேண்டும். எடுக்கும்போது ஒன்றில் மட்டும் நீயும் வாசலில் நில். கதவை அவர் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா மலர் ராதாகிருஷ்ணன்