கல்வரிசை ஓரம் பொங்கிய பால்

இன்று காலை கடையில் பால் அடிப்பிடித்துவிட்டதடி. ஜன்னலைத் திறந்துவிட்டும் தீய்ந்த வாசம் போகவில்லை. போகவேண்டாம் என்றும் இருந்தது. அந்த வாசத்தோடு நீ நேரே வந்து நிற்கிறாய்.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரக் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடைக்காக இந்த இடத்தை சிநேகிதிகள் நாம் இருவரும் சேர்ந்து எடுத்தபோதே, உன் வருத்தத்துக்கு இனி மருந்தில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். "திறக்கிற அண்டைக்குப் பால் நான்தான் காய்ச்சுவன். அதுவரைக்கும் இருப்பன்" என்றாய். அதற்காகவே நான் வேலைக்காரரை விரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, குழாய் பதிக்கக் குசினித் தரையைத் தோண்டினால் கீழே ஒரு கல்வரிசை! பழங்காலத்துத் தடயம் கிடைத்தால் மேலே தோண்டக்கூடாதாம்; சட்டப்படி வேலை நின்றது. மியூசியத்திலிருந்து ஒரு பெண் வந்து, கொத்துக்கரண்டியும் தூரிகையுமாக முழங்காலில் இருந்துவிட்டாள்.

எனக்கு விசர் பிடித்தது. "உவள் மண்ணைத் தடவித் தடவி எப்ப முடிக்கிறது? எங்களிட்டை எங்கையடி நேரம்?" என்று கத்தினேன். நீயோ கதிரையை இழுத்துக் குழியோரம் போட்டு, அவளோடு டேனிஷில் கதைக்கத் தொடங்கிவிட்டாய்.

பல நூறு வருஷத்துக்கு முந்திய, இடைக்காலத்து வீடாம். கல்லின் மேல் மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையே களிமண் சுவர். மரம் எப்போதோ உக்கிப்போய், அது கிடந்த இடத்தில் ஒரு கறுத்த கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. சற்றுத் தள்ளி, நெருப்பில் வெந்து சிவந்த களிமண். அதுதான் அடுப்பு. நாம் அடுப்பு வைக்கக் குறித்திருந்த அதே மூலை.

நீ கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எடியே, இஞ்சை முந்தியே ஒருத்தி சமைச்சிருக்கிறாள். பிறகென்ன திறக்கிற நாள்? நாளைக்குப் பாலைக் கொண்டு வா."

மறுநாள் சின்னக் காஸ் அடுப்பைக் குழியோரம் வைத்துக் காய்ச்சினாய். கிழக்குப் பக்கமாகப் பொங்கவேண்டும் என்று நீ சட்டியைச் சரிக்க, பால் வழிந்து நேரே அந்தக் கறுத்த கோட்டை நோக்கி ஓடியது. வேண்டாம் வேண்டாமென்று டேனிஷில் "நை, நை!" என அலறிக்கொண்டு மியூசியப் பெண் பாய்ந்து வந்து, தன் கழுத்துச் சால்வையால் அணை கட்டினாள். நீ சிரித்தாயே ஒரு சிரிப்பு! வருத்தம் வந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மிஞ்சிய பாலில் அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தாய். மண் கையோடு வாங்கிக் குடித்தாள், பாவம்.

பிறகு அளந்து, படமெடுத்து, மணல் போட்டு மூடினார்கள். தரை போடும்போது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். திறப்பதற்கு முன்பே போய்விட்டாய்.

திறந்த அன்று சில்க்போர்க்கிலிருந்து என் அக்கா வந்தாள். "இதென்ன, இன்னும் பால் காய்ச்சேல்லையோ?" என்று அடுப்பை மூட்டப் போனாள். நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"இந்த வீட்டுக்குப் பால் பொங்கியாச்சு அக்கா. அவள் காய்ச்சிப்போட்டுத்தான் போனவள்."



நீ பால் காய்ச்சிய அந்தச் சட்டியைத்தான் இன்று தீய்த்துவிட்டேன். காலையிலிருந்து தேய்த்தும் அடியில் பிடித்த கறுப்பு முழுவதும் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாளைக்கும் அதில்தான் காய்ச்சுவேன்.