முதலில் கையெழுத்து

தக்கலை,
25 நவம்பர் 2012.

அன்புள்ள ஆன்ஸ்லினுக்கு,

ஜெப்சன் எழுதுவது. இங்கே நானும் ரெஜிஷாவும் சுகம். மியூனிக்கில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். வாரம் நாலு தடவை போனில் பேசுகிற புருஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் நான் விஷயத்தைத் தொட்டதும் நீ அழத் தொடங்கிவிடுகிறாய். உடனே நான் பிள்ளையின் தடுப்பூசியைப் பற்றிப் பேசித் தப்பித்துக்கொள்கிறேன். கடிதத்தில் இரண்டு பேருக்கும் அந்த வசதி இல்லை.

ரெஜிஷாவுக்கு இரண்டு வயது முடிந்ததிலிருந்து வாய் ஓய்வதில்லை. நான் பள்ளிக்கூடம் போகும் நேரம் லீமா அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். மசித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் என்றால் வாயைத் திறக்கிறாள், மற்றதற்கெல்லாம் உன்னைப்போல ஏன், எதற்கு என்று கேள்வி. சளி விட்டுவிட்டது. மழை விடவில்லை.

இன்று காலை ஆராதனையில் ஒரு காரியம் நடந்தது. உன் அப்பா ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போட்டிருந்தார். போதகர் வழக்கம்போல மேலே எழுதியிருந்த காரணத்தை வாசித்தார்: "ரசலையன் குடும்பத்தார், மகள் ஆன்ஸ்லின் வெளிநாட்டு வேலையை முடித்து நிரந்தரமாக ஊர் திரும்புவதற்காக." அங்கே வேலையை மூன்று வருடம் நீட்டிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நீ இன்னும் சொல்லவில்லை. நன்றி மட்டும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் கல்லூரிச் செயலாளர் குமாரதாஸ் சார் என் கையைப் பிடித்து, பிசிக்ஸில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அவள் வரட்டும் என்றார்.

உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அவ கிறிஸ்மசுக்கு வாறா இல்லியா மக்கா? பிள்ளையப் பாத்துட்டு, பொறவு ஒப்பு போடணுமா வேண்டாமான்னு யோசிக்கட்டு. போட்டுட்டு வந்தா என்ன, வந்துட்டு போட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

அப்போதுதான் நீ ஜூலையில் அனுப்பிய கட்டுரை ஞாபகம் வந்தது. எம்.எஸ்ஸியில் நாம் ஒரே வகுப்பு. பிறகு நீ ஸ்டிரிங் தியரிக்குப் போனாய், நான் பிளஸ் டூ பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டேன். அதனால் எனக்கு எட்டியதை மட்டும் சொல்கிறேன். தப்பென்றால் திருத்து.

நீ எழுதுகிற வெளியைத் துண்டு துண்டாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒழுங்கான இடம்தான், அளக்கலாம். ஆனால் ஒரு வட்டத்தைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால், அங்கே பெரியதும் சிறியதும் மாறி ஒட்டியிருக்கிறது. முழுசுக்குமாக ஒரு படம் வரையவே முடியாது. அந்த வட்டத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் மூடிய இழைக்கு, அதாவது உன் ஸ்டிரிங்குக்கு, நீளத்தை முதலில் பார்த்து அகலத்தைப் பிறகு பார்ப்பதும், அகலத்தை முதலில் பார்ப்பதும் ஒன்றல்ல. வரிசை மாறினால் விடை மாறும். எத்தனை சுற்றோ அத்தனை வித்தியாசம். சுற்றாத இழைக்கு வித்தியாசமே கிடையாது. எல்லா இழைக்கும் இப்படித்தான் என்று நான் முதலில் நினைத்திருந்தேன், நீதான் போனில் என்னைத் திருத்தினாய்.

உன் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில் குற்றமில்லை. காலையில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போய், மாலையில் அதே வீட்டுக்குத் திரும்பியே அவர் ஓய்வு பெற்றார். நமக்கு அப்படி வாய்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் நீ விடுமுறைக்கு வந்தவள். இருப்பாய், அழுவாய், திரும்பிப் போவாய். மே மாதம் நான் சம்பளமில்லா விடுப்புப் போட்டு ரெஜிஷாவையும் கூட்டிக்கொண்டு அங்கே வருவேன். வந்தபிறகு கையெழுத்து என்றால் கதை வேறு. ரெஜிஷா இரண்டு நாள் உன்னிடம் ஒட்டமாட்டாள். பிறகு உன்னை விடமாட்டாள். அதற்கப்புறம் நீ பேனாவைத் தொடவா போகிறாய்? குமாரதாஸ் சார் கல்லூரியில் சேருவாய், நன்றாகவே பாடம் நடத்துவாய். என்றாவது ஒரு நாள் நீ பாதியில் விட்ட கணக்கை வேறு யாரோ முடித்திருப்பார்கள். அதை வாசித்துவிட்டு விடைத்தாள் திருத்த உட்காருவாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் குடும்பம் நடத்த முடியாது, ஆன்ஸ்லின். நீ இல்லாத வீடு எனக்குக் கஷ்டம்தான். அந்த முகம் அதைவிடப் பெரிய கஷ்டம்.

காணிக்கையை நினைத்துக் கவலைப்படாதே. வேறு காரணம் எழுதி இன்னொரு கவர் போட்டுவிடலாம். போதகர் அதையும் அதே குரலில் வாசிப்பார். உன் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார், அதை நான் தாங்கிக்கொள்வேன்.

ஊறுகாய் வாங்கி வைத்திருக்கிறேன், நீ திரும்பும்போது கொண்டுபோகலாம். தலைவலி மாத்திரையைக் குறை.

டிசம்பர் இருபதாம் தேதி காலை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நிற்பேன். நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்ததும், "இனி போவாண்டாம்" என்று உன் கையைப் பிடித்துக்கொள்ளப்போகிறவன் நான்தான். எனக்கு என்னைத் தெரியும். நான் எவ்வளவு கெஞ்சினாலும் பலிக்காதபடி, தயவுசெய்து கையெழுத்தைப் போட்டுவிட்டு விமானம் ஏறு.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
ஜெப்சன்