புது வக்காலத்து

திருவண்ணாமலை
20.1.1998

அன்பு மகள் செல்விக்கு,

அப்பாவின் ஆசிகள். பொங்கலுக்கும் வீட்டுக்கு வராமல் மெட்ராஸ் ஹாஸ்டலில் உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எந்தப் பக்கம் வேலை தேடலாம் என்று கேட்டாய். கிரிமினல் வேண்டாம், ஜாமீனுக்காக ஸ்டேஷன் வாசலில் நிற்கிற பிழைப்பு பெண்பிள்ளைக்கு ஆகாது. மோட்டார் விபத்தில் காசு ஜாஸ்தி, ஆனால் கால் ஒடிந்தவன் எப்போது வருவான் என்று ஆஸ்பத்திரியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குடும்பக் கோர்ட்டில் கட்சிக்காரர்கள் அழுவார்கள். ஃபீஸ் கேட்டால் இன்னும் அழுவார்கள். செக் திரும்பிய கேஸ் வக்கீல் வேலையே இல்லை. சிவில்தான் தொழில், அதிலும் நிலம். அடி அண்ணாமலையில் தன் அப்பா வாங்கிய நிலத்தில் பாகம் கேட்டு உன் அம்மா தன் அண்ணன் சக்கரபாணி மேல் போட்ட வழக்கையே பார். வருஷக்கணக்கில் நடத்துகிறேன், இன்னும் சாட்சி விசாரணை முடியவில்லை.

எனக்குத் தெரிந்த சீனியர்களுக்குப் போன் செய்து உன்னைப் பற்றிச் சொல்கிறேன். என் வார்த்தையை யாரும் தட்ட மாட்டார்கள். ஒன்றும் அமையாவிட்டால் கவலைப்படாதே. சக்கரபாணி மாமா மகன் கோபி உனக்காகக் காத்திருக்கிறான்.

அன்புடன்,
அப்பா பலராமன்


சென்னை
16.2.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் சொன்ன சிவில் சீனியரைப் பார்த்தேன். அறைக்குள் போனதுமே, முதலில் உட்காரம்மா என்றார். டீ வரவழைத்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கடைசியில் இடம் இல்லை என்றார். தொழிலாளர் வழக்குப் பார்ப்பவரும் அப்படித்தான். வெயிலில் நடக்காதே என்று ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்பினார். இவ்வளவு அன்பாக யாரும் என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன்.

அடுத்து ரேணுகாம்பாள் மேடம். மோட்டார் விபத்து வழக்குகளில் பேர் பெற்றவர். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் அப்பா. கோபி விஷயம் வேண்டாம். வக்கீலாக வேண்டும் என்று படித்தேன், அது மட்டும் போதும்.

உங்கள் செல்வி


திருவண்ணாமலை
24.2.1998

அன்பு செல்விக்கு,

ரேணுகாம்பாளிடமும் சொல்லிவிட்டேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். அவரும் மறுத்துவிட்டால் உன் ராசி அவ்வளவுதான் என்று பஸ் ஏறிவிடு. கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டலாம்; சட்டம் படித்த மருமகள் என்று சக்கரபாணியும் ஊரில் பெருமை பேசிக்கொள்வான்.

அப்பா


சென்னை
9.3.1998

அப்பாவுக்கு,

ரேணுகாம்பாள் மேடம் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கப்பா போன்ல அழுதாரும்மா. உனக்கு வலிப்பு வரும், கோர்ட்ல ரொம்ப நேரம் நின்னா நீ விழுந்துடுவன்னு சொன்னாரு. வயசுப் பொண்ணு, வெளிய சொல்லாதீங்கன்னாரு."

எனக்கு ஜலதோஷம் தவிர என்ன வந்திருக்கிறது அப்பா? பெற்ற பெண்ணைப் பற்றி இப்படிச் சொல்ல வாய் எப்படி வந்தது? எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வருகிறது.

அது பொய் என்று மேடத்திடம் சொன்னேன். "எங்கிட்ட ஜூனியருக்குச் சம்பளம் கிடையாது. உன்ன நம்பி ஒரு கட்சிக்காரர் வக்காலத்துல கையெழுத்துப் போடட்டும், அன்னிக்கே மேஜை தரேன்," என்றார்.

கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். உங்களிடம் தேங்கிக் கிடக்கும் கேஸ்களில் ஏதாவது ஒன்றை அனுப்புங்கள். நீங்கள் செய்ததற்கு அது ஈடாக இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நான் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

செல்வி


திருவண்ணாமலை
6.4.1998

அன்பு செல்விக்கு,

ஆமாம், சொன்னேன். கோர்ட்டில் தினமும் சொல்கிற பொய்தானே! வலிப்பு என்றால் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், யாரும் உன்னைத் திட்டவும் மாட்டார்கள். உன் மனம் நோகாமல் திருப்பி அழைக்க இதைவிட நல்ல வழி இருந்தால் நீயே சொல்.

கேஸ் ஒன்றும் வராது. வைகாசியில் உனக்கும் கோபிக்கும் முகூர்த்தம். சம்பந்தி ஆன பிறகு வழக்கு எதற்கு? உன் அம்மாவின் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சக்கரபாணியிடம் பேசி முடித்துவிட்டேன். பதிலுக்கு அந்த நிலத்தில் கிரிவலப் பாதையை ஒட்டிய முன்பக்க மனையை என் பெயருக்கு எழுதுகிறான். லாட்ஜ் கட்டினால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரூம் நிறையும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது.

உன் அம்மாவிடம் கேட்கவில்லை. வெற்றுத் தாளில் அவள் கையெழுத்து என்னிடம் எப்போதும் இருக்கும். வக்கீல் பெண்டாட்டியாக இருப்பதில் அந்தச் சௌகரியம் உண்டு. நீ பெட்டியைக் கட்டு.

அப்பா


சென்னை
4.5.1998

வழக்கறிஞர் திரு. பலராமன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் போனில் வார்த்தை மாறாமல் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அடுத்த வாரம் தனியாகப் பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

"எங்கப்பா வாங்குன நெலம். அதையும் உன்னையும் ஒரே பேச்சுல வித்துட்டாரு. எங்க கையெழுத்துப் போடணும், காட்டு," என்றாள்.

அம்மா 'எல்லம்மாள்' என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்ட புது வக்காலத்தை இத்துடன் அனுப்புகிறேன். அதில் ரேணுகாம்பாள் மேடத்தின் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. எனக்கு மேஜை கிடைத்துவிட்டது. முதல் கட்சிக்காரரை உங்களிடமிருந்துதான் எடுத்தேன். எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது, அப்படி இருப்பது எனக்கே பிடிக்கவில்லை.

பழைய வக்கீல் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்தால்தான் புது வக்கீல் உள்ளே வர முடியும். எழுதிக் கையெழுத்திட்டு, கேஸ் கட்டோடும் அம்மா கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களோடும் அனுப்பிவையுங்கள். மறுத்தால், ஜூனில் கோர்ட் திறந்ததும் அனுமதி கேட்டு மனுப் போடுவேன். மனைவி ஏன் கணவனை வக்கீலாக வேண்டாம் என்கிறாள் என்று அதில் காரணம் எழுத வேண்டும். நீங்கள் தினமும் நிற்கிற கோர்ட்டில், உங்கள் சிநேகிதர்கள் முன்னால், அதை நானே நின்று படிப்பேன்.

நேற்று ஹாஸ்டலுக்குப் போன் செய்து அம்மாவைத் திட்டினீர்கள். இனி அவளிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் அவள் வக்கீலுக்கு எழுதுங்கள். கட்சிக்காரரிடம் நேரே பேசுவது தொழில் முறையல்ல.

இப்படிக்கு,
ப. அன்புச்செல்வி
வழக்கறிஞர்