கிணற்று நீர் குடித்த கார்

என் வீட்டுக்காரருக்கு, என் சண்டைக்காரருக்கு, நாற்பத்தொரு வருடம் என் பேச்சைக் கேட்டது போலத் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படியே நடந்த மனிதருக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. கல்லறைக்கு வரும்போதெல்லாம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறேன். அது போதும் என்றுதான் இருந்தேன். இந்த முறை சொல்ல வேண்டியது நின்றுகொண்டு சொல்லித் தீராது, என் முட்டி தாங்காது. ஊரும் இதைப் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். காரணம் போகப்போகப் புரியும்.

நம் வெள்ளைக் காருக்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. பட்டாளத்துப் பென்ஷனைச் சேர்த்துச் சேர்த்து நீங்கள் வாங்கிய அதே டீசல் வண்டிதான். இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பதினைந்து வருடம் ஆனால் போக்குவரத்து ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஓடத் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். இல்லையென்றால் எடைக்குத்தான் போட வேண்டும்.

உங்கள் மகன் ஜெரார் லீவுக்கு பிரான்சிலிருந்து வந்திருந்தான். வந்த மூன்றாம் நாளே ஆரம்பித்தான்.

"அம்மா, வித்துடு. இதுல போடுற காசுக்குத் தினம் ஆட்டோல போலாம்."

"அத்தைய ஆட்டோல ஏத்திக் காட்டுடா, வித்துடுறேன்."

அத்தை என்றால் உங்கள் தங்கை மதலேன்தான். நீங்கள் போன மறு வருடம் பக்கவாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கை வந்துவிட்டது, வாயும் வந்துவிட்டது. வாய்தான் முதலில் வந்தது. கால் மட்டும் இன்னும் வரவில்லை. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஆட்டோவில் ஏற அவளால் காலைத் தூக்க முடியாது. நம் காரில் முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு, அவளை முதலில் உட்காரவைத்து, பிறகு இரண்டு காலையும் நான் தூக்கி உள்ளே வைப்பேன். வேறு எந்த வண்டியிலும் இது நடக்காது. வாடகைக் காரில் ஒருமுறை முயன்று பார்த்தோம். டிரைவர் பாவம், பயந்துவிட்டான்.

ஜெரார் சொன்ன யோசனையைக் கேளுங்கள். கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் அத்தையைச் சேர்த்துவிடலாமாம். பயிற்சி அங்கேயே கொடுப்பார்களாம். காரும் வேண்டாம், எனக்கும் ஓய்வாம். நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மதலேன் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூட அவள் சொல்லவில்லை. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஜெராரிடம் பேரம் பேசினேன். கார் சோதனையில் தேறினால் இல்லம் என்ற பேச்சை அவன் மறுபடி எடுக்கக் கூடாது. தேறாவிட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். வண்டியின் லட்சணம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பான்.

அவன் விமானம் ஏறிய வாரமே வண்டி நடுரோட்டில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. சூட்டு முள் சிவப்பைத் தொட்டது, பானட்டிலிருந்து ஆவி அடித்தது. "அண்ணி, இட்லி வெந்துடுச்சு போல, இறக்குங்க" என்றாள் உங்கள் தங்கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சலீம் பாய் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனோம். நீங்கள் இருந்தபோதே நம் வண்டியைப் பார்த்தவர்தானே. ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சும்மா. தண்ணி ஆயில்ல கலந்திருக்கு. ஹெட்ட லேத்துக்கு அனுப்பிச் சமமா சீவணும். ரேடியேட்டர் அடைச்சுப் போச்சு, தண்ணி பம்பும் போச்சு. கிளட்ச் பிளேட்டும் தேஞ்சிருக்கு, முன்னாடி புஷ்ஷெல்லாம் மாத்தணும். அதோட..."

"நிறுத்துங்க பாய். போன வருசம் ரேடியேட்டர் ஹோஸ் மாத்துனது நீங்கதான? அதுலதான் கெடுத்துட்டீங்க."

நாலு பேர் முன்னால் சொன்னேன். சொன்னது மட்டுமா? பதினைந்து வருடப் பழக்கம் பார்க்காமல் இன்னும் என்னென்னவோ சொன்னேன். பாய் ரேடியேட்டரைக் கழற்றி, ஒரு கம்பியால் உள்ளே சுரண்டி, வெள்ளையும் துருவுமாக உதிர்ந்ததை என் உள்ளங்கையில் கொட்டினார்.

"கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்கம்மா."

வைத்தேன். கடல்.

"எந்தத் தண்ணி ஊத்துறீங்க?" என்றார்.

எந்தத் தண்ணீர் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் குளித்ததும் நம் கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, ரேடியேட்டரில் ஊற்றுவீர்கள். "நாம குடிக்கிற தண்ணியத்தான் வண்டியும் குடிக்கணும்" என்பீர்கள். குருசுக்குப்பத்திலேயே நம் கிணறுதான் இனிப்பு என்று உங்களுக்கு அவ்வளவு பெருமை. தெருவே நம் வீட்டில் தண்ணீர் எடுக்கும். நீங்கள் போன பிறகு அந்தச் செம்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

நீங்கள் பார்க்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் போன அடுத்த வருடம் டிசம்பரில் கடல் பொங்கியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வீராம்பட்டினத்தில் வீடும் படகும் போயின. நம் தெருவில் தண்ணீர் முற்றம்வரை வந்து திரும்பியது. நமக்கு வீடு போகவில்லை, கிணறு போனது. அதன்பிறகு அந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைக்கவில்லை. துணிகூட அலசுவதில்லை. குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன்.

ஆனால் காருக்கு மட்டும் கிணற்று நீரையே ஊற்றினேன். ஒன்றரை வருடம்! நாங்கள் துப்பிய தண்ணீரை அதற்குக் கொடுத்தேன். உப்பு என்று தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் செம்பைக் கையில் எடுத்தால் அது தண்ணீராகத் தெரியவில்லை. நீங்கள் செய்வது, நான் செய்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் இருந்திருந்தால் ஒரே வாய் குடித்துப் பார்த்து மறுநாளே நிறுத்தியிருப்பீர்கள், இல்லையா? உங்களைப் போலவே நடக்கிறேன் என்று நினைத்து, நீங்கள் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பட்டறையில் அந்த நாலு பேரும் இருக்கும்போதே பாயிடம் சொன்னேன், தப்பு என்னுடையதுதான் என்று. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "விடுங்கம்மா, இந்தப் பக்கம் பத்து வண்டி இப்படித்தான் வருது" என்றார். ஊர் படிக்கட்டும் என்றேனே, இதற்குத்தான். கடற்கரையோரம் இருப்பவர்களே, கடல் வந்துபோன கிணற்றின் நீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். வாய்க்கு ஆகாதது வண்டிக்கும் ஆகாது.

பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் சுலபம் என்றார் பாய். மாட்டேன் என்றேன். இதையே சரிசெய்வோம். உங்கள் பென்ஷனில் எனக்கு வரும் பாதி, மூன்று மாதம் அதற்கே போனது. வண்டி பட்டறையில் இருந்தவரை மதலேனின் பயிற்சியை வீட்டிலேயே நான்தான் செய்யவைத்தேன். "மூணு மாசமா ரசந்தான். அண்ணி, வண்டிக்கு கேஸ்கெட், எனக்கு வெறும் மிளகா" என்று மதலேன் அழுதாள். மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. இறங்கியது.

உதிரிப்பாகக் கடையில் தனிக் கூத்து. "டிரைவர அனுப்புங்கம்மா, அவருக்குத்தான் தெரியும்" என்றான் கடைக்காரன். நான்தான் டிரைவர் என்றேன். நம்பாமல் ஒரு கிளட்ச் பிளேட்டை எடுத்துப் போட்டான். பழைய பிளேட்டைப் பையில் கொண்டு போயிருந்தேன். இரண்டையும் அடுக்கிக் காட்டினேன். ஒரு விரல் அகலம் வித்தியாசம். அதன்பிறகு மரியாதை வந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள்தான் நான். வண்டி ஓட்டவும் நீங்கள் கற்றுக்கொடுக்கவில்லை, "உனக்கெதுக்கு" என்றீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் காலைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் விட மாட்டேன்.

முதல் சோதனையில் தேறவில்லை. எல்லாம் சரி, கைப்பிரேக் மட்டும் மேட்டில் நிற்கவில்லை. வண்டி மெதுவாகப் பின்னால் உருண்டது. திருத்திக்கொண்டு பத்து நாளில் வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நியாயமான மனிதர். பாய் கேபிளை மாற்றினார். ஒன்பதாம் நாள் வியாழன், மதலேனுக்குப் பயிற்சி நாள். ஆஸ்பத்திரி முடித்து அவளோடேயே போனேன்.

"யாரும்மா ஓட்டினு வந்தது?"

"நான்தான் சார்."

"இவங்க?"

நான் வாய் திறப்பதற்குள் உங்கள் தங்கை முந்திக்கொண்டாள். "நான் லோடு சார். என்ன வச்சே மேட்டுல நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினேன். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன். வண்டி அசையவில்லை. மதலேன் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் புடவைத் தலைப்பு அவள் கையில் கசங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், புகையைப் பார்த்தார், எழுதினார். ஐந்து வருடம்.

அன்று சாயங்காலமே ஜெராருக்குப் போன் போட்டேன். "தேறிடுச்சா?" என்றான், நம்பாமல். "சொன்ன வார்த்தைய இப்ப உங்க அத்தைகிட்டயே சொல்லு" என்று போனை அவளிடம் கொடுத்தேன். அவன் என்ன சொன்னானோ, அவள், "அதெல்லாம் சரிடா, உங்கம்மா சமையல்தான் எனக்குத் தண்டனை" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போது ரேடியேட்டருக்குப் பச்சைத் திரவம் ஊற்றுகிறேன், பாய் கொடுத்தது. உங்களுக்கு வருத்தமா? வருத்தம் என்றால் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எழுதித் தருகிறேன். இந்த வண்டி இன்னும் எத்தனை முறை நின்றாலும் அத்தனை முறை பிரித்துப் பூட்டுவேன். ஐந்து வருடம் முடிந்தால் மறுபடி கொண்டுபோய்க் காட்டுவேன், அப்போது எனக்கு எழுபத்தாறு. மதலேனை இந்த வீட்டிலிருந்து யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. அவள் காலைத் தூக்கி உள்ளே வைக்க ஆள் வேண்டும். அதனால் என்னை இப்போதைக்கு அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் மனைவி,
மதலேனின் அண்ணி,
செசிலி