பூச்சியம் காட்டிய மீட்டர்

வியாழன் இரவு, அயனம்பாக்கம்.

வாயுக் கசிவை நொடிக்கு நொடி கணக்கிட்டுக் கூட்டுவதுதான் எங்கள் மீட்டரின் வேலை. சாயங்காலம் அதைச் சோதித்துக்கொண்டிருந்த, என்னோடு வேலை செய்யும் பாபு கத்தினான். "மச்சான், வால்வுல சோப்பு தடவுனா குமிழ் குமிழா வருது. மீட்டர்ல பூச்சியம்னு கீது!"

மீட்டருக்கு நான் எழுதிய நிரலைத் திறந்தேன். ஒன்றிலிருந்து exp என்ற அடுக்குக்குறிச் சார்பின் விடையைக் கழித்திருக்கிறேன். கசிவு மிகச் சிறியதென்றால் அந்த விடை ஒன்றுக்கு மிக அருகில் வரும்; கணினி அதை ஒன்று என்றே முழுமையாக்கிவிடும். கழித்தால் மிச்சம் ஏது? இந்தக் கழித்தலைத் துல்லியமாகச் செய்யவென்றே நிரல் லைப்ரரியில் expm1 இருக்கிறதே, பாவி!

இதே மீட்டர் மாட்டிய அம்பத்தூர் ஆலையின் மேனேஜருக்கு உடனே போன் செய்தேன். கேஸ் லைனை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் சிரித்தார். "எதுக்கு சார் பயப்படுறீங்க? உங்க மீட்டரே பூச்சியம்னுதான காட்டுது."