அத்தா சோறு தின்னாத நாற்பது நாள்

பேகம்பூர், திண்டுக்கல்
6-8-1961

அன்பு மகன் மீரானுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் பினாங்கில் நீ சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

மே மாதம் உன் அத்தாவுக்கு வலது கால் கட்டைவிரலில் புண் வந்தது, டாக்டர் சர்க்கரை வியாதி என்றார், விரலை எடுத்துவிட்டால் கால் பிழைக்கும் என்றார், நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று எழுதினேன். நீ வரும் நாளை எழுதவில்லை. கோழிக்கு எத்தனை எலுமிச்சை பிழிவது என்று எழுதினாய். நீ சமைத்துப் போடும் துரைக்கும் இதே வியாதியாம், மதியம் சோற்றை விட்டு அவித்த கோழியும் பச்சைக் காய்கறியும் தின்று சர்க்கரை இறங்கிவிட்டதாம். நுணுக்கி நுணுக்கி இரண்டு பக்கம். வருவது பற்றி ஒரு வரி இல்லை.

உன் தங்கை நஜ்முன்னிசா அதை வாசிக்கக் கேட்ட உன் அத்தா நேரே டாக்டரிடம் போய், "எம் மகன் எழுதியிருக்கான், நாப்பது நாளு தின்னு பாத்துட்டு வாரேன், பெறகு வெட்டுங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டர் கத்தினார், நானும் கத்தினேன். கல்யாண வீடுகளில் தேக்சா தேக்சாவாகப் பிரியாணி ஆக்கிப் போட்ட மனுஷன் தன் தட்டில் ஒரு பருக்கை வைக்க விடவில்லை. கோழியை அவித்து எலும்பு நீக்கிப் பிய்த்து, வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், தக்காளி, கொடைக்கானல் லாரியில் வரும் முட்டைக்கோஸ் எல்லாம் நறுக்கிப் போட்டு, மிளகு தூவி எலுமிச்சை பிழிந்து வைத்தேன். நீ எழுதிய ஜைத்தூன் எண்ணெய் இங்கே மருந்துக் கடையில், ஆலிவ் ஆயில் என்று பெயர் போட்டு, பிள்ளைகளுக்குத் தேய்க்கச் சின்னக் குப்பியில்தான் கிடைக்கிறது, அதையும் வாங்கி ஊற்றினேன். முதல் வாய்க்கே அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் "பய எழுதுனது, உப்பு ஒண்ணுதான் கொறச்சல்" என்று தட்டை வழித்தார். தனியாகத் தின்ன மாட்டேன் என்றதால் நானும் அதே தட்டில் கை வைத்தேன். சோறு இல்லாமல் மூன்று மணிக்கெல்லாம் எனக்குக் கண் இருட்டும், அதெல்லாம் உனக்கு எதற்கு.

சர்க்கரை குறைந்தது, டாக்டரே ஒப்புக்கொண்டார். புண் குறையவில்லை. முப்பத்தைந்தாம் நாள் விரல் கறுத்தது. "இன்னும் அஞ்சு நாளு கெடக்குல்ல" என்றார் உன் அத்தா. போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். விரலோடு போயிருக்க வேண்டியது. உன் மேல் குற்றமில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நீ நல்லதைத்தான் எழுதினாய். ஆனால் எதிரே வந்து உட்கார்ந்து, விரல் போனால் போகட்டும் அத்தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். நீ வராததால் உன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கண் விழித்ததும் என்னிடம் சொன்னது, "காலு போன சங்கதிய அவனுக்கு எழுதிராத, புண்ணு ஆறிருச்சுன்னு எழுது, மனசு ஒடஞ்சுருவான்" என்பதுதான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நஜ்முன்னிசாவுக்கு இது ஏழாம் மாதம், அவளுக்கும் சேர்த்து துஆ செய். ஐந்து வேளையும் உனக்காகக் கையேந்துகிறேன், அதில் குறை வைக்கவில்லை, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போட்டால் கப்பல் வரும் தேதியை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே. அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும், அதையும் நம்பிவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
மெஹராஜ்