பரீட்சைக்கு வராது

சான் ஃபெர்மின் பண்ணை,
தக்குவாரெம்போ.
2 மார்ச் 1964

அன்புள்ள ஒஃபேலியா,

வந்து சேர்ந்து ஒன்பது நாளாகிறது, இப்போதுதான் எழுத உட்கார்கிறேன். கோபித்துக்கொள்வதானால் பதிலை எழுதித் தபாலில் போட்டுவிட்டு, அப்புறம் கோபித்துக்கொள்.

இங்கே என் பெயர் சுல்மா என்பதே யாருக்கும் ஞாபகமில்லை. சமையற்கட்டிலிருந்து குதிரை லாயம்வரை நான் 'டாக்டரம்மா'தான். மேஸ்திரி வாஷிங்டனுக்கு நம்மைவிட மூன்று வயதுதான் கூட இருக்கும். அவன்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் என்னோடு பேசுகிறான். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பிடித்துப்போய்விட்டது, உன்னிடம் மறைப்பானேன்.

ஒரே ஒரு சங்கடம். டாக்டரம்மாவானால் எதையும் கேட்க முடிவதில்லை. ஒரு வெள்ளைக் குதிரையின் காதில் நீலக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஏனென்று கேட்க வாயெடுத்தேன். இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்? தெரிந்தவள் மாதிரித் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சாயங்காலம் கசப்பு மாத்தே இலைத் தேநீரின் குடுவை கைமாறி வரும்போதெல்லாம் உன் நினைவுதான். கால்நடை மருத்துவம் படித்த ஐந்து வருடமும் உன் அறையில் நம் இருவருக்கும் ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். குடுவையைத் திருப்பித் தரும்போது எவள் வாயிலிருந்து 'நன்றி' வருகிறதோ அவளுக்கு அடுத்த சுற்று கிடையாது என்பது ஊர் வழக்கம். அவள் புத்தகத்தையும் மூடிவிட வேண்டும் என்று கூடவே ஒரு சட்டம் போட்டவள் நீ. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று நீதான் முந்திக்கொண்டாய். "நன்றிடி. படிச்சது ஆயுசுக்கும் போதும்." நீ சொன்ன தோரணை இன்னும் கண்ணில் நிற்கிறது.

வியாழக்கிழமை ரயிலில் நூற்றெண்பது கிடேரிகள் வருகின்றன, கடலோரச் சதுப்பு நிலத்திலிருந்து. என் முதல் பெரிய வேலை. வேண்டிக்கொள், உனக்குப் பழக்கமில்லை என்றாலும்.

உன்,
சுல்மா


மொந்தேவிதேயோ
7 மார்ச் 1964

அடி டாக்டரம்மா,

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் உத்தியோகத்தைக் கேள். இறைச்சித் தொழிற்சாலையில் காலை ஐந்தரை மணிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டுகிறேன். கொக்கியில் தொங்கும் மாடு ஒவ்வொன்றாக என் முன்னால் நகர்ந்து வரும். நான் முத்திரை குத்துவேன். அடுத்த மாடு, அடுத்த முத்திரை. போன வாரம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அம்மா பரிமாறிய கறித்துண்டின் மேல் கை தானாகப் போய்க் குத்தப் பார்த்தது. ஆனால் ஒரு சௌகரியம், மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். படித்துப் படித்து அது களைத்துக் கிடக்கிறது. தூங்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படிக்கும்போதே நாம் திட்டமிட்ட மருத்துவமனைக்கு இடம் கிடைத்துவிட்டது. எங்கள் தெரு முனையில் அந்தத் தொப்பிக் கடை இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். கடைக்காரர் வருடக் கடைசியில் மகளோடு போய் இருக்கப்போகிறாராம், அதுவரை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி அலமாரியில் தொப்பிகள் இருந்த இடத்தில் நம் மருந்துப் புட்டிகள். தெருவில் இருக்கும் அத்தனை பாட்டிமாரின் பூனைகளும் நம்முடையவை. பெயர்ப் பலகைக்குப் பச்சைச் சாயம்கூட வாங்கி வைத்துவிட்டேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து, அகரவரிசைப்படி பார்த்தால் அநியாயம்தான்.

டிசம்பருக்குள் வந்துவிடு. காட்டில் அப்படி என்ன இருக்கிறது?

உன்,
ஒஃபேலியா


சான் ஃபெர்மின்
11 மார்ச் 1964

ஒஃபேலியா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. யாரிடமும் சொல்லாதே, உன் அம்மாவிடம்கூட.

கிடேரிகள் வியாழன் மத்தியானம் வந்து இறங்கின. பட்டியோரம் ஆட்கள் மாத்தேயோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு குடுவை நீட்டினார்கள். ரயில்வே காகிதங்களும் தடுப்பூசிச் சீட்டுகளும் கையில் இருந்தன. நின்றபடியே உறிஞ்சிவிட்டு, அவசரத்தில் "நன்றி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதல் சுற்றிலேயே. அவர்கள் முகம் போன போக்கை அப்போது கவனிக்கவில்லை.

வாஷிங்டன் பின்னாலேயே வந்தான். "டாக்டரம்மா, வெளியூர் மாடுங்க. தொறந்து விடறதுக்கு முன்னால கொஞ்சம் புகை போட்டுடலாமா?" என்றான்.

புகை போட்டால் எந்த நோய் போகும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டேன். "அதெல்லாம் உங்க தாத்தா காலத்துச் சமாச்சாரம். தாகத்துல நிக்குதுங்க, தொறந்து விடுங்க" என்றேன். அவன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டான். பிறகு போய்த் திறந்துவிட்டான்.

சனிக்கிழமைக்குள் இருபத்துமூன்று செத்துவிட்டன.

அறுத்துப் பார்த்தேன். முதல் இரைப்பையின் உட்தோல் சிவந்து, தொட்டால் உரிந்து வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி தோன் எவாரிஸ்தோ வந்து நின்றார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். "என்ன நோய், டாக்டர்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே. என் வாயிலிருந்து வந்தது வேறு: "களைச்சு வந்த மாடுங்க. ஒரேயடியா ஓடைத் தண்ணியில விட்டதுதான் காரணம்."

விட்டது யார்? வாஷிங்டன். நான் சொல்லித்தான் விட்டான் என்று அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாதக் கடைசியோடு அவனுக்கு வேலை இல்லை என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார். அவனுக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். வீடு பண்ணையினுடையது.

கல்லூரி நூலகத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல், இது என்ன? மீதி மாடுகளைப் பட்டியில் அடைத்து வைக்கோல் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை நாள் அப்படி வைக்க முடியும்?

சுல்மா


மொந்தேவிதேயோ
18 மார்ச் 1964

என் கண்ணே சுல்மா,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அழுது முடித்த பிறகு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்து ரத்தக் கறைக் கோட்டோடேயே நூலகத்துக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு மாணவர்கள் மேசை மாறி உட்கார்ந்தார்கள். நச்சுச் செடிகள் பற்றிய அத்தியாயம். பக்கத்தைப் பிரித்தேன். ஓரத்தில் பென்சிலால், என் கையெழுத்தில், 'பரீட்சைக்கு வராது, தாண்டு' என்று இருக்கிறது. நான்காம் வருடம் உனக்காக எழுதி வைத்தது. நீ தாண்டினாய். நானும் தாண்டினேன்.

தாண்டிய இடத்தில்தான் இருக்கிறது. மியோ-மியோ என்கிற செடி, இலையுதிர் காலத்தில், அதாவது இப்போது, பூக்கும். அது முளைக்கிற மண்ணில் பிறந்த மாடு அதைத் தொடாதாம். வெளியூர் மாடு பசியோடு வந்தால் தின்றுவிட்டு இரண்டு நாளில் சாகும். இரைப்பை நீ எழுதியபடியேதான் இருக்கும். ஆக, நான்கே வரி. புகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இனி நான் சொல்வதைக் கேள். செடி விஷம், யார் தப்பும் இல்லை என்று ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்துவிடு. வாஷிங்டன் பிழைத்துக்கொள்வான். நீ அவனைப் பார்த்துச் சிரித்ததை எழுத வேண்டியதில்லை. உன் பெயர் கெட்டுப்போனால் நம் தொப்பிக் கடைக்கு யார் பூனை கொண்டு வருவார்கள்?

ஆனால் அந்தப் புகை என்னை விடமாட்டேன் என்கிறது. புகை போட்டால் மாடு ஏன் தின்னாது? மூன்று நாளாக முத்திரை குத்தும்போதெல்லாம் இதே யோசனை. நேற்று ஒரு மாட்டுக்கு இரண்டு தடவை குத்திவிட்டேன்.

உன் பாவத்தில் பங்காளி,
ஒஃபேலியா


சான் ஃபெர்மின்
5 ஏப்ரல் 1964

அன்பு ஒஃபேலியா,

நீ சொன்னபடி அறிக்கை எழுதினேன். நன்றாகவே வந்தது. மடித்து உறையில் போட்டேன். முதலாளியிடம் கொடுக்கப் போகிற வழியில் வாஷிங்டனின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கீங்களா, டாக்டரம்மா" என்று கேட்டாள். உறையைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஆட்கள் எல்லோரும் மாத்தேக்கு உட்கார்ந்திருந்த நேரம். முதலாளியும் இருந்தார். நான் போய் நின்று சொன்னேன்: "அன்னிக்கு அவர் புகை போடணும்னு சொன்னார். நான் சிரிச்சேன். தொறக்கச் சொன்னது நான்தான். என்ன நோய்னு கேட்டப்போ எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தோன் எவாரிஸ்தோ கையிலிருந்த குடுவையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "தெரியாதுன்னு சொல்ற டாக்டர் எனக்கு எதுக்கு?" என்றார். வாஷிங்டன் இருக்கிறான். எனக்கு ஏப்ரல் முப்பதோடு சரி.

அழுகை வந்தது, ஆனால் எழுந்து போகவில்லை. அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். குடுவை சுற்றி வந்தது. வாஷிங்டன்தான் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைத் தாண்டி அடுத்தவனிடம் நீட்டினான். இரண்டாவது சுற்றிலும் தாண்டினான். நியாயம்தானே. மூன்றாவது சுற்றில் என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினான். குடித்தேன். கசப்பு நாக்கைப் பிடுங்கியது. திருப்பிக் கொடுக்கும்போது 'நன்றி' என்று வாயைத் திறக்கவே இல்லை.

ஆறாவது சுற்றில் கேட்டேன், புகை போட்டால் மாடு ஏன் தின்னாது என்று. "யாருக்குத் தெரியும்? எங்கப்பா போட்டாரு, நானும் போடறேன். போட்டா சாகறதில்ல" என்றான். அடுத்த குடுவைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "எனக்கும் அது ரொம்ப நாளா ஒரு கேள்விதான். சில பேரு புகை போடாம செடியை மூஞ்சியில தேய்ப்பாங்க. எது மேலுன்னு யாரும் பார்த்ததில்ல" என்றான்.

பார்த்துவிட்டோம், ஒஃபேலியா. மீதி இருந்த நூற்றைம்பத்தேழில் பாதிக்கு அந்தச் செடியை எரித்த புகை, பாதிக்கு வாயிலும் மூக்கிலும் தேய்ப்பு. நான்கு நாள் என் தலைமுடியெல்லாம் அந்த நாற்றம். ஒன்றுகூடச் சாகவில்லை. புகை போட்டதில் ஒன்று மட்டும் செடியைக் கடித்துவிட்டு ஒரு நாள் தள்ளாடியது, பிறகு தேறிவிட்டது. தேய்த்தவை செடியை மோந்துவிட்டு விலகிப் போகின்றன. வாசனையா, ருசியா, அல்லது நாக்கில் பட்ட துளியால் வயிறு புரட்டி அது ஞாபகத்தில் நிற்கிறதா? உன் நான்கு வரியில் இல்லை. வாஷிங்டனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. முதல் வருடம் நுண்ணோக்கியில் முதன்முதலாகக் கண் வைத்தோமே, அதற்குப் பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இப்போது உனக்குக் கோபம் வரப்போகிற விஷயம். பாஸோ ஹோந்தோ ரயிலடியில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் பத்து மாடு, இருபது மாடு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு டாக்டரே கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி சொன்னாள், "எங்க பசுவையும் வந்து பாருங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போங்க." நான் இங்கேயே இருக்கப்போகிறேன். டிசம்பருக்கு வரமாட்டேன். தொப்பிக் கடையை விட்டுவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். பச்சைச் சாயத்தை என்ன செய்யப்போகிறாய்?

நீலக் கயிற்றைப் பற்றியும் கேட்டுவிட்டேன். வாஷிங்டனின் சின்னப் பெண் விளையாட்டுக்குக் கட்டினாளாம். அவ்வளவுதான்.

மன்னிப்பாயா?
சுல்மா


மொந்தேவிதேயோ
1 மே 1964

சுல்மா,

மூன்று வாரத்துக்கு மேல் பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ என்னை விட்டுவிட்டாய் என்று அம்மாவிடம் சொன்னேன். "நீதானேடி கடைசிப் பரீட்சையன்னிக்கே எல்லாத்தையும் விட்டே" என்றாள். அவளோடும் இரண்டு நாள் பேசவில்லை.

இதற்கிடையில் தொழிற்சாலையில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. முத்திரை குத்துவதற்கு முன்னால் இரைப்பையைப் பிரித்துப் பார்க்கிறேன். எந்தப் பண்ணை, எந்த மண், உட்தோல் எப்படி என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். என்ன தேடுகிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்று, "ஒஃபேலியா, குத்தும்மா. இது என்ன காலேஜா?" என்றார். வரிசை நின்றுபோய்ப் பதினோரு மாடு காத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நேற்று ஒரு ரப்பர் துண்டோடு நூலகத்துக்குப் போனேன். 'பரீட்சைக்கு வராது' என்பதை அழித்துக்கொண்டிருந்தபோது நூலகர் பிடித்துவிட்டார். "புத்தகத்துல என்னம்மா பண்றே?" "தப்பா எழுதினதை அழிக்கிறேன் சார்." "எழுதினது யாரு?" "நான்தான்." அவர் "தாளைக் கிழிச்சிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். பென்சில் போய்விட்டது, அழுத்தி எழுதிய தடம் மட்டும் இருக்கிறது.

தொப்பிக் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், வருத்தப்படவில்லை. வெயிலுக்கு ஆகும் என்று ஒரு வைக்கோல் தொப்பி கொடுத்தார். வெயில் எனக்கு எங்கே படப்போகிறது என்று அவர் நினைத்தாரோ.

பதினைந்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை ரயிலில் பாஸோ ஹோந்தோவில் இறங்குவேன். நம் மருத்துவமனைக்கென்று வாங்கி வைத்த நுண்ணோக்கியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். என் நோட்டும் வருகிறது. பச்சைச் சாயமும் வருகிறது. திரும்பிப் போக டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, அதை வைத்து நீ எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. வாஷிங்டனிடம் சொல்லி வை, அவனிடம் நாற்பது கேள்வி கேட்க ஒருத்தி வருகிறாள் என்று.

தண்ணீரைக் கொதிக்க விட்டுவிடாதே, இலை கருகிவிடும். குடுவையை முதலில் எனக்கு நீட்டு. குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன்,
ஒஃபேலியா